கிழக்கே சாய்ந்த தண்ணீர்

சீவலாங்கரைக்குக் கிழக்கே கரிசல் காட்டில் தண்ணிப் பார்க்குக் கட்ட வந்தவர்கள், அங்கே கிடந்த பழைய கிணற்றின் வாயில் கான்கிரீட் மூடி போட்டு, மூடியின் நடுவில் இரும்புக் குழாயைச் சொருகி, அந்தக் குழாயைக் கோபுரத்தின் உச்சிவரை ஏற்றி, முதல் தடவையாக மோட்டார் போட்ட அன்று, ஊரில் இருந்த தண்ணீர் பூராவும் கிழக்கே சாய்ந்தது. குடத்துத் தண்ணீர் சாய்ந்தது, தொட்டித் தண்ணீர் சாய்ந்தது, மாட்டுக்கு வைத்த கழுநீர் சாய்ந்தது, கோழிக்குச் சிரட்டையில் ஊற்றிய ஒரு கை தண்ணீரும் சாய்ந்தது. பாத்திரம் நேராகத்தான் இருந்தது, தரையும் நேராகத்தான் இருந்தது. தண்ணீர் மட்டும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் தலையைத் திருப்புகிற மாட்டைப் போல, மேற்கு விளிம்பை விட்டு இறங்கிக் கிழக்கு விளிம்பில் ஏறி அப்படியே நின்றுகொண்டது.

வில்லாயுதம் அந்நேரம் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டிய ஆள், வானம் பார்த்த நாலு ஏக்கரில் சோளமும் பருத்தியும் போட்டுக் காலம் தள்ளுகிறவர், பிள்ளை குட்டி கிடையாது, வீட்டில் அவரும் பெண்டாட்டி முப்பிடாதியும்தான். தட்டில் அவள் ஊற்றிய ரசம் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டி இது, ரசம் ஒருச்சாஞ்சு நிக்குது?"

"உங்க மொகரையப் பாக்கப் பிடிக்காமத் திரும்பியிருக்கும்."

"திரும்புனது எந்தத் தெசன்னு பாத்தியா? உன் தம்பி வித்த காடு."

அவள் கரண்டியை ரசச்சட்டிக்குள் போட்டுவிட்டு எழுந்தாள். அந்த வீட்டில் எந்தப் பேச்சு எங்கே கிளம்பினாலும் கடைசியில் அந்தக் காட்டில் போய்த்தான் முட்டும்.

அவளுடைய தம்பி கூடலிங்கம் காட்டைத் தண்ணிப் பார்க்குக் கம்பெனிக்கு விற்றதற்காக வில்லாயுதம் கோபப்படவில்லை. அவனவன் காடு, அவனவன் விற்கிறான். ஆனால் அந்தக் காட்டுக்குள் கிடந்த கிணறு ஊர்க் கிணறு. அதில் யாரும் குடிக்க மொண்டதில்லை, பயிருக்கு இறைத்ததில்லை. ஊரில் ஒரு சாவு விழுந்தால், சாவுச் சடங்கு செய்கிற குடிமகன் சங்கு ஊத, நாலு பேர் வெள்ளை வேட்டியை நாலு மூலையிலும் உயர்த்திப் பிடிக்க, அந்த வேட்டி நிழலில் போய், குடத்தில் தண்ணீர் மொண்டு, பூச்சுற்றி, தலையில் வைத்துக் கொண்டுவந்து இறந்தவரைக் குளிப்பாட்டுவார்கள். அதற்கு நீர்மாலை என்று பெயர். அந்தக் கிணற்றுத் தண்ணீர் படாத உடம்பில் சீவலாங்கரையில் தீ வைப்பதில்லை. "கெணத்த மட்டும் விட்டுட்டு எழுதிக் குடு" என்று வில்லாயுதம் சொன்னார். தன் வீட்டில், தன் தட்டில், தன் சோற்றைத் தின்றுகொண்டிருந்த மச்சினனிடம் சொன்னார். "சரி அத்தான்" என்று கூடலிங்கம் விரலை நக்கிக்கொண்டே சொன்னான். மறுநாள் போய்க் கிணற்றையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

அன்றோடு சரி. வில்லாயுதம் அவனோடு பேச்சை நிறுத்தினார், முப்பிடாதியையும் நிறுத்தச் சொன்னார். அவளும் நிறுத்தினாள். தம்பி தெருவில் வந்தால் இவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பாள். அவன் கடந்துபோன பிறகு அவன் முதுகை மட்டும் பார்ப்பாள். வில்லாயுதத்துக்கு அவனிடம் சொல்லவேண்டியது ஏதாவது இருந்தால் ஆட்டிடம் சொல்வார். "ஏ ஆடே, வரப்ப வெட்டி உள்ள தள்ளிட்டானாம் ஒருத்தன், அவங்கிட்டக் கேட்டுச் சொல்லு." ஆடு கேட்டதோ இல்லையோ, கேட்கவேண்டியவன் கேட்டுக்கொள்வான்.

தண்ணீர் சாய்ந்த முதல் சில நாட்கள் ஊர் பயந்தது. யூனியன் ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார், டம்ளரைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், பூமிதான் எங்கேயோ இறங்கியிருக்கும் என்று சொல்லிவிட்டு ஒரு இளநீர் குடித்துவிட்டுப் போனார். இளநீரும் சாய்ந்துதான் இருந்தது, உள்ளே இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. கொத்தனார் டியூப்பில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்தார், கிழக்கு முனையில் தண்ணீர் ஒரு சாண் ஏறி நின்றது. "கண்ண நம்பவா, மட்டத்த நம்பவா" என்று கேட்டுவிட்டு மட்டத்தை நம்பினார். அந்த வருஷம் போட்ட தரையில் உருண்டையான சாமான் எதுவும் நிற்காமல் மேற்கே உருண்டது. அந்தத் தரையிலும் ஆட்கள் பாய் விரித்துப் படுத்தார்கள்.

பிறகு பயம் போய்விட்டது. பயம் போனதும் ஊர் அதற்கு ஏற்றாற்போல் கை காலை வைத்துக்கொள்ளக் கற்றது. பெண்கள் அடுப்பின் கிழக்குக் கல்லுக்கு அடியில் ஓட்டாஞ்சில்லு வைத்து உலையைச் சரிசெய்தார்கள். டீக்கடையில் பார்க்கைப் பார்த்து உட்கார்ந்தால் டீ வாய்க்கு எட்டாமல் அந்தப் பக்கம் போய் நிற்கும் என்பதால், எல்லோரும் பார்க்குக்கு முதுகைக் காட்டி மேற்கே பார்த்து உட்கார்ந்து குடித்தார்கள், உறிஞ்சாமலே டீ வாய்க்கு வந்தது. வடக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிற அம்மனின் தலையில் ஊற்றின தண்ணீர் வலது தோளில் மட்டும் வழிந்தது, பூசாரி இடது தோளை ஈரத் துண்டால் துடைத்துவிட்டுத் தீபாராதனை காட்டினார், அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. வெயிலில் நிற்கிறவனின் வேர்வை கிழக்குக் கன்னத்தில் கூடியது. அழுகிறவர்களின் கண்ணீர் எந்தக் காது கிழக்கே இருக்கிறதோ அந்தக் காதுக்குள் போனது, அதனால் அழுதவர்களுக்குக் கொஞ்ச நேரம் காது கேட்கவில்லை, ஆறுதல் சொல்ல வந்தவர்கள் கத்திச் சொல்லவேண்டியதாயிற்று. அதுவும் பழகிப்போனது.

மோட்டார் ஓட ஓட ஊரில் இருந்த அடிபம்புகள் காற்றைத் துப்பின. கம்பெனி தர்மம் செய்வது போலத் தன் சுற்றுச்சுவருக்கு வெளியே ஒரு குழாயை வைத்துக் கொடுத்தது. அதில் வந்தது அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். பிணத்துக்கென்று இருந்ததை உயிரோடு இருக்கிறவர்கள் குடிக்கலாமா என்று முதல் நாள் எல்லோரும் கேட்டார்கள், இரண்டாம் நாள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். வீட்டில் நிற்கிற தண்ணீர் சாய்ந்து நிற்கும், அவ்வளவுதான். ஆனால் குழாயடியிலிருந்து மேற்கே கொண்டுபோகிற தண்ணீர் நடக்க நடக்க ஏறி, விளிம்பைத் தாண்டி, சுமக்கிறவளின் முதுகில் வழிந்து, புழுதியில் கிழக்கே ஓடிவிடும். குடங்களை மூலையில் கவிழ்த்துவிட்டு, மூடி போட்ட கேன்களை வாங்கினார்கள். மூடித் திருகிவிட்டால் அது உள்ளேயே முட்டி மோதிக்கொண்டு வந்து சேரும். கேன் விற்றவன் கம்பெனிக்காரனின் மைத்துனன் என்று வில்லாயுதம் சொன்னார். அவருக்கு அது தெரியாது, ஆனாலும் சொன்னார்.

வேலையும் கொடுத்தார்கள், அதையும் சொல்லவேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஆரஞ்சு நிறத்தில் பனியன் கொடுத்தார்கள், பெண்கள் அதைச் சேலைக்கு மேலேயே போட்டுக்கொண்டார்கள். கழுத்தில் தொங்கவிட விசில் கொடுத்தார்கள். நீச்சல் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றபோது ஒரு கைகூடத் தூக்கப்படவில்லை, முங்கிக் குளிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் நீச்சலுக்கு எங்கே போவது. இடுப்பளவுத் தொட்டியில் இறக்கிப் பழக்கினார்கள். சறுக்குகள் ஒவ்வொன்றாக எழும்பின, மஞ்சள் ஒன்று நேராக இறங்கியது, நீலம் மூன்று சேர்ந்து இறங்கின, கோபுரத்து உச்சியிலிருந்து சிவப்புக் குழாய் ஒன்று குடல் போலச் சுற்றிச் சுற்றி இறங்கியது. முதலில் மணல் மூட்டைகளை விட்டுப் பார்த்தார்கள். மூட்டை கிழியாமல் வந்தால் ஊர்க்காரனை விட்டார்கள். ஒருவனுக்கு முன்பல் போயிற்று, அவனுக்குக் கார் நிறுத்துமிடத்தில் வேலை மாற்றிக் கொடுத்தார்கள், அவன் ஓட்டைப் பல்லோடு சிரித்துக்கொண்டே கொடி அசைத்தான். கூடலிங்கத்துக்குப் பின்வாசல் காவல். தொப்பியும் சாவிக்கொத்தும் வைத்துக்கொண்டு, தன் காட்டின் வேலி ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"எல்லாரும் போறாக, நானும் கூட்டிப் பெருக்கப் போறேனே" என்று முப்பிடாதி ஒருநாள் கேட்டாள்.

"உன் தம்பி காவக்காக்குற வாசல்ல தலையக் குனிஞ்சுக்கிட்டு நொழையப் போறியா?"

"எதுக்குக் குனியணும்? நிமிந்துதான் நொழைவேன்."

"நொழைஞ்சா அங்கேயே இருந்துக்கோ."

அவள் போகவில்லை.

திறப்பு விழா நாள் வந்தது. காலையிலேயே ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போட்டுவிட்டார்கள். அன்று ஒரு நாள் மட்டும் ஊர்க்காரர்களுக்கு இலவசம், ரிப்பன் வெட்டி முடிந்ததும் பின்வாசல் வழியாக வரலாம் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். முப்பிடாதி வாசல் தெளிக்க வாளியோடு இறங்கினாள். ஒரு கை அள்ளி வீசினாள், தண்ணீர் கிழக்கே போய் விழுந்தது. இன்னொரு கை அள்ள உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் வாளியின் விளிம்பைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். வில்லாயுதம் வந்து தோளைத் தொட்டபோது உடம்பு மட்டும்தான் இருந்தது.

தண்ணீர் சாய்ந்த பிறகு ஊரில் விழுந்த முதல் சாவு அது.

டீக்கடை மரப்பெஞ்சைக் கொண்டுவந்து போட்டு அவளைக் கிடத்தினார்கள், கைகளை நெஞ்சில் சேர்த்துப் பெருவிரல்களைக் கட்டினார்கள், கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டினார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்தார்கள். ஆனால் ஒவ்வொருத்தியின் சேலை மடிப்புக்குள்ளும் மாற்றுத்துணி ஒன்று சுருட்டி இருந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு மாறும்போதெல்லாம் தலைகள் கிழக்கே திரும்பின.

கூடலிங்கம் அக்காளுக்குக் கோடிச் சேலை எடுத்துக்கொண்டு வந்தான். பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் எடுக்கக் கூடாது. ஆரஞ்சு பனியனோடு தெருமுனையிலேயே நின்றான், நெருங்கப் பயம்.

வில்லாயுதம் பந்தல் காலைப் பார்த்துச் சொன்னார்: "ஏ பந்தக்காலே, பொறந்த வீட்டுக் கோடி வரட்டும். கொண்டு வந்த மொகரை அங்கனயே நிக்கட்டும்."

யாரோ போய்ச் சேலையை வாங்கி வந்து போர்த்தினார்கள். கூடலிங்கம் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுத் தன் வாசலுக்குத் திரும்பினான்.

குடிமகன் ஐயாக்குட்டி சங்கை எடுத்தார். ஊரில் எந்தச் சாவுக்கும் சடங்கு செய்கிறவர் அவர்தான். நீர்மாலைக்குப் போக மகன் முறையில் ஆள் வேண்டும், மகன் முறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆரஞ்சு பனியனோடு கோபுரத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள், வந்தால் வேலை போகும். அதனால் வில்லாயுதமே குடத்தை எடுத்தார். நாலு கிழவர்கள் வேட்டியை உயர்த்திப் பிடித்தார்கள். சுற்றுச்சுவர்க் குழாயில் குடத்தை நிரப்பி, பூச்சுற்றி, தலையில் ஏற்றி, அவர் ஊரைப் பார்த்து நடந்தார். சங்கு ஊதியது. முதல் தெருவுக்கு வருவதற்குள் தண்ணீர் குடத்தின் கழுத்தை ஏறித் தாண்டி, அவர் பிடரியில் வழிந்து, முதுகில் இறங்கி, குதிகாலைத் தொட்டுக் கிழக்கே போய்விட்டது. வீட்டு வாசலுக்கு வந்து குடத்தை இறக்கியபோது உள்ளே வாடின பூ ஒன்று கிடந்தது.

மறுபடி போனார். பாதிக் குடம் நிரப்பினார், மெதுவாக நடந்தார். மறுபடி ஓட்டமும் நடையுமாக வந்தார். எப்படி வந்தாலும் அவர் முதுகுதான் நனைந்தது.

"கேன்ல பிடிச்சு மூடியத் திருகிக் கொண்டாந்துருவோம்" என்றார் வேட்டி பிடித்த ஒருவர்.

"செல்லாது" என்றார் ஐயாக்குட்டி. "நீர்மாலைத் தண்ணி வெளிச்சம் பாத்து வரணும். மூடக்கூடாது, கீழ வைக்கக்கூடாது."

"அப்பொ கெழக்க பாத்துக்கிட்டே பின்னால நடந்து வரட்டும். தண்ணி நெஞ்சுப் பக்கம் சாயும், கையால அணை குடுக்கலாம்."

"பொணத்துக்குத் தண்ணி சொமக்கிறவன் பின்னங்கால் போட்டு வந்தா அடுத்த சாவக் கையோட கூட்டியாரான்னு அர்த்தம். உம்ம வீட்டுக்குப் போகட்டும்னா நடக்கச் சொல்லும்."

சொன்னவர் வேட்டி மூலையை இழுத்து நேராக்கினார்.

வெயில் ஏறியது. முப்பிடாதி கோடிச் சேலைக்குள் கிடந்தாள், ஈக்கள் வரத் தொடங்கின. மாரடித்த பெண்களின் கை ஓய்ந்தது. வில்லாயுதம் வெறுங்குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டார். "இவளக் குளிப்பாட்டாம நான் தீ வைக்க மாட்டேன்" என்றார். "எத்தன நாள் ஆனாலும் சரி. நாறட்டும். எல்லாரும் மோந்துக்கிட்டு இருங்க."

ஊர் மிரண்டது. அவர் சொன்னால் செய்கிற ஆள். அப்போது எதிர்வீட்டு வேலுக்கனி, மாற்றுத்துணியை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்: "தண்ணிதான் வரமாட்டேங்குதுல்ல, அக்காளத் தண்ணிகிட்டக் கொண்டு போவோமே."

ஐயாக்குட்டி யோசித்தார். கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதற்குள் பெண்கள் எழுந்துவிட்டார்கள், கிழவர்கள் எழுந்துவிட்டார்கள், திண்டாடிக்கொண்டிருந்த ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தது. ஒரு பிணத்தைத் தூக்க அவ்வளவு ஆசையாக அந்த ஊரில் அதற்கு முன் யாரும் தோள் கொடுத்ததில்லை. பெஞ்சோடு தூக்கினார்கள், பாடையைப் பின்னால் கொண்டு வந்தார்கள், சங்கும் ஒலிபெருக்கிப் பாட்டும் கலந்து கேட்க, ஊர் கிழக்கே நடந்தது.

பின்வாசல் பூட்டியிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் கூடலிங்கம் நின்றான். ரிப்பன் வெட்டாமல் ஒரு ஈ உள்ளே வரக்கூடாது என்று மானேஜர் அவனிடம் சொல்லியிருந்தார்.

வில்லாயுதம் கதவைப் பார்த்துச் சொன்னார்: "ஏ கதவே, ஒருத்தி குளிக்க வந்திருக்கா. அவ கூடப் பொறந்தவன் சாவி வச்சிருக்கானாம். தெறக்கிறானா, இல்ல இங்கனயே எறக்கி வைக்கவான்னு கேளு."

கூடலிங்கம் பூட்டைத் திறந்தான். தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தான். பெஞ்சின் கால்மாட்டைப் பிடித்திருந்த கிழவரை விலக்கிவிட்டுத் தன் தோளைக் கொடுத்தான்.

"அத்தான், கீழ தொட்டியில எல்லாம் மருந்து கலந்திருக்கு, கண்ணு எரியும். அக்காவுக்கு அது வேண்டாம். கோவுரத்து மேல கொழாய் வந்து விழுகிற எடத்துல மருந்து கெடையாது. கெணத்துத் தண்ணி அப்படியே வருது."

வில்லாயுதம் பெஞ்சின் தலைமாட்டைத் தோளில் வாங்கிக்கொண்டார். கோபுரத்தைப் பார்த்து நடந்தார்.

படிகள் அகலமாக இருந்தன, ஒருநாளைக்கு ஆயிரம் பேர் ஏறுகிற கணக்கில் கட்டியவை. தலைமாட்டில் அவரும் கால்மாட்டில் கூடலிங்கமும், நடுவில் இரண்டு கிழவர்களுமாக முப்பிடாதியை ஏற்றினார்கள். பின்னால் ஊர் ஏறியது. கீழே முன்வாசலில் வெள்ளை வேட்டிகளும் மாலைகளும் கேமராக்களும் கூடி நிற்பது தெரிந்தது, யாரோ ஒலிபெருக்கியில் நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், மேலே பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

உச்சியில் சிமென்டுத் தொட்டி ஒன்று இருந்தது. அதன் நடுவில் குழாய் வாய் திறந்து, தண்ணீர் குமிழ்ந்து வந்து நிறைந்தது. அந்தத் தண்ணீர் சாயவில்லை. நாலு விளிம்பையும் ஒரே அளவில் தொட்டுக்கொண்டு, துடைத்து வைத்த தட்டு மாதிரி, வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. சாய்வதற்கு அதற்கு வேறு இடம் இல்லை.

வில்லாயுதம் குடத்தை முக்கி எடுத்தார். ஐயாக்குட்டி சங்கை ஊதினார். முப்பிடாதியின் தலையில் ஊற்றிய தண்ணீர் உச்சியிலிருந்து இரண்டு கன்னத்திலும் ஒன்றுபோல இறங்கி, இரண்டு தோளிலும் இறங்கி, நேராகக் கீழே விழுந்தது. அவர் மறுபடி மொண்டு ஊற்றினார், மஞ்சள் தேய்த்தார்கள், மறுபடி ஊற்றினார். இவ்வளவு மாதத்தில் அவள் முகத்தின் இரண்டு பக்கமும் சேர்ந்து நனைந்ததை அவர் பார்க்கவில்லை. கூடலிங்கம் அக்காளின் பாதத்தைத் தன் கையால் கழுவினான். வில்லாயுதம் தடுக்கவில்லை.

"ஏ இங்க பாருங்களேன்" என்றாள் வேலுக்கனி. அவள் தொட்டியில் கையைக் குவித்து அள்ளியிருந்தாள். உள்ளங்கையில் தண்ணீர் நேராக நின்றது.

மற்றவர்களும் அள்ளினார்கள். ஒருத்தி குடித்தாள், ஒருத்தி முகத்தைக் கழுவினாள், தண்ணீர் மூக்கின் இரண்டு பக்கமும் இறங்கியதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவள் என்னட்டி என்று கேட்டு, தானும் கழுவி, தானும் சிரித்தாள். சேதி படியில் இறங்கியது. கீழே நின்றவர்கள் மேலே தள்ளினார்கள், அவர்களைப் பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். அந்நேரம் முன்வாசலில் ரிப்பனை வெட்டிவிட்டார்கள், வெடி வெடித்தது, பாட்டு இரண்டு மடங்காக எழும்பியது. நேரான தண்ணீர் நேராகச் சிவப்புக் குழாயின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. வேலுக்கனி சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அதற்குள் உட்கார்ந்தாள், ஐயோ என்று ஒரு சத்தம், ஆளைக் காணோம். அடுத்தவள் போனாள். அவளுக்கு அடுத்தவள். வேட்டி பிடித்த கிழவர்கள் அந்த வேட்டியைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு போனார்கள். ஐயாக்குட்டி சங்கை இடுப்பில் செருகிக்கொண்டு, "எடுக்கிற நேரத்துக்கு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெஞ்சைத் தூக்கி வந்த இரண்டு பேரும் சொல்லாமலே போனார்கள்.

முப்பிடாதி ஈரச் சேலையோடு பெஞ்சில் கிடந்தாள். அவள் காலைச் சுற்றிக்கொண்டு, சிலர் தாண்டிக்கொண்டு, ஊர் குழாயைப் பார்த்துப் போனது.

"ஏய்! பொணத்துக்கு வழிய விடுங்கடா!" என்று வில்லாயுதம் கத்தினார். ஓடைக்கரையில் விறகு அடுக்கி வைத்திருந்தது. சூரியன் சாய்வதற்குள் கொண்டுபோக வேண்டும். படியில் தலை தலையாக ஏறி வந்துகொண்டிருந்தது, வெளியூர்க்காரர்களும் சேர்ந்துவிட்டார்கள். தெரிந்த முகங்கள் அவரைப் பார்த்தன, தெரியாத முகங்கள் போல விலகின. ஒருவன் அவர் தோளில் கை வைத்து, "வரிசையில வாங்க பெரியவரே" என்றான்.

குழாயின் வாயருகே செல்லக்கனி நின்றிருந்தாள். வடக்குத் தெருக்காரி, நாற்பது வயது, சேலைக்கு மேல் ஆரஞ்சு பனியன், கழுத்தில் விசில். அவளுக்கு அழுகையும் வந்தது, வேலையும் இருந்தது.

"மாமா, படியில எறங்க உத்தரவு கெடையாது. மேல வந்தவுக எறங்க இது ஒண்ணுதான் வழி."

"செத்தவளுக்குமா உத்தரவு?"

"எனக்குச் சொல்லிக் குடுத்தத நான் சொல்லணும் மாமா. சொல்லாட்டி மேல கேமரா இருக்கு." அவள் மூக்கைச் சிந்திவிட்டு, மனப்பாடம் செய்ததை ஆரம்பித்தாள். "மல்லாந்து படுக்கணும். ரெண்டு கையையும் நெஞ்சு மேல சேத்து வைக்கணும். ரெண்டு காலையும் ஒண்ணா ஒட்டி வைக்கணும். கண்ண மூடிக்கிடணும். நடுவுல எந்திரிக்கக் கூடாது..." சொல்லிக்கொண்டே பெஞ்சைப் பார்த்தாள். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. "அத்தை எல்லாம் சரியாத்தான் இருக்காக" என்றாள், மெதுவாக.

வில்லாயுதம் படியைப் பார்த்தார். பிறகு குழாயைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வழுக்குகிற அந்த வாயில் உட்கார்ந்து, காலை நீட்டினார். கூடலிங்கம் அக்காளைத் தூக்கினான், அவன் ஒருவனால் அவளைத் தூக்க முடிந்தது, அவ்வளவு கொஞ்சமாகத்தான் இருந்தாள். அத்தானின் கால்களுக்கு நடுவே அவளைக் கிடத்தித் தலையை அவர் நெஞ்சில் சாய்த்தான், நழுவின கோடிச் சேலையை இழுத்து இடுப்பைச் சுற்றிச் செருகினான். வில்லாயுதம் இரண்டு கையாலும் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட வெளிச்சத்தில் அவளை அப்படிப் பிடித்ததில்லை. அவருடைய நெஞ்சுக்குள் கிணறு அப்படியே இருந்தது, கிணற்றை எழுதிக் கொடுத்தவன் மேல் இருந்த கோபமும் ஒரு சொட்டுக் குறையாமல் அப்படியே இருந்தது. தானாக நகரப் பார்த்தார், இரண்டு கையும் அவளைப் பிடித்திருந்ததால் ஊன்றித் தள்ள முடியவில்லை. பின்னால் வரிசை சத்தம் போட்டது. கீழே மாலையோடு நிற்கிறவர்கள், அடுத்து யார் வரப்போகிறார்கள் என்று பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

செல்லக்கனி விசிலை வாயில் வைத்தாள். ஊதினாள்.

"தள்ளுல" என்றார் வில்லாயுதம்.

கூடலிங்கம் தள்ளினான்.